கேட்டுச் செய்கிற பாடம்

ஊரைக் காலி செய்துகொண்டு போகிற அன்று காலையிலும் ரசியா பேகம் யோகா வகுப்புக்கு வந்துவிட்டார். வீட்டுச் சாமான் எல்லாம் முந்தின நாளே வேனில் ஏறிக் கோட்டைப்பட்டினம் போயாகிவிட்டது. கணவர் தாஜுதீன் கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வைத்திருந்த ஜவுளிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்புவதென்று முடிவு செய்திருந்தார். ரசியாவிடம் மிச்சமிருந்தது ஒரு பாய்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல் கடைசி வரிசையில் சுவரோரமாக விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதன்முதலாக இந்த வகுப்புக்கு வந்தபோது அவரால் நாற்காலியை விட்டே இறங்க முடியவில்லை. முழங்கால் அப்படி.

வகுப்பு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். மேசைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோகனப்ரியா அங்கே பெண்களுக்கு யோகா சொல்லிக் கொடுத்துவந்தாள். காலையில் சும்மா கிடக்கிற இடம்தானே என்று மண்டபக்காரர் சாவியைக் கொடுத்திருந்தார். முகூர்த்த நாள் என்றால் வகுப்பு கிடையாது. ஆவணியிலும் தையிலும் நடந்த வகுப்பைவிட நடக்காத வகுப்பே அதிகமாக இருக்கும். நடக்கிற நாளிலும் முந்தின நாள் சாம்பார் மணம் கூடத்தை விட்டுப் போயிருக்காது. மூச்சை ஆழமாக இழுங்கள் என்று சொன்னதும் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டும்போது ரசியா மோகனப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கிட்டு இதெல்லாம் யாரு டீச்சர் எனக்குச் சொல்லித் தருவா? விட்டுட்டேன்னா முட்டி மறுபடியும் மக்கர் பண்ணும். நீங்க போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்க. நான் பாத்துப் பாத்துச் செஞ்சுக்கிறேன்."

"அதுக்கென்னக்கா, தாராளமா அனுப்புறேன்" என்றாள் மோகனப்ரியா.

சொல்லும்போது அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஊரில் எல்லாருமே வீடியோ போடுகிறார்கள். கோலம் போடுகிறவர்கள், மீன் குழம்பு வைக்கிறவர்கள், பலாப்பழத்தை எப்படி அறுப்பது என்று காட்டுகிறவர்கள். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கி, பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்துவருகிற தன்னால் முடியாதா என்றுதான் நினைத்தாள். முகூர்த்த நாளில் வகுப்பில்லாமல் தவிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். விடியுமுன்னே பூப்பறிக்கப் போய்விடுகிற பெண்கள் சிலர், "எங்களுக்குச் சாயங்காலம் எடுத்தா வருவோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களும் பார்த்துக்கொள்ளலாம்.

அவளுடைய கணவன் நிலவழகன் மெயின் ரோட்டில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடையில் கிடந்த ஒரு பைக் கண்ணாடியின் கம்பியை எடுத்து, பழைய சைக்கிள் ரிம் ஒன்றோடு வெல்டிங் வைத்து, நுனியில் டியூபை வெட்டிக் கட்டி, போன் நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டு செய்து கொண்டுவந்தான். ஆள் உயரத்துக்கும் ஏற்றலாம், தரையோடு தரையாகவும் இறக்கலாம். காற்றடித்தாலும் அசையாது.

"கம்பெனிக்காரன் தோத்தான்" என்று தானே சொல்லிக்கொண்டான்.

ஹாலில் பாயை விரித்து மோகனப்ரியா உட்கார்ந்தாள். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததால் வீடு அமைதியாகத்தான் இருந்தது. நிலவழகன் பொத்தானை அமுக்கிவிட்டுக் கையைக் காட்டினான். மோகனப்ரியா வாயைத் திறந்தாள்.

"அன்பார்ந்த நேயர்களே, உங்கள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

நிலவழகன் சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டான். "என்னங்க?" என்று கூப்பிட்டாள்.

"யாருகிட்ட பேசுற நீ? கட்சி மீட்டிங்ல நன்றியுரை சொல்ற மாதிரி இருக்கு."

"எதிர்த்தாப்ல ஆள் இல்லாம எனக்குப் பேச்சு வரலைங்க."

அதுதான் உண்மை. வகுப்பில் அவள் ஆசனம் செய்து காட்டுவது கொஞ்சம்தான். பெரும்பாலும் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். யார் தோளை இறுக்கி வைத்திருக்கிறார்கள், யார் மூச்சை அடக்கிக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அவள் பேச்சு எல்லாமே அந்தப் பார்வையிலிருந்து பிறப்பது. போன் முன்னால் உட்கார்ந்தால் பார்க்க ஒன்றுமில்லை. கறுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

ஆனாலும் விடவில்லை. எடுத்ததைப் போட்டுப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் தன் உருவம் கரிக்கட்டை மாதிரி தெரிகிறது. ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். போனை நெட்டுக்குத்தாக வைத்தால் படுக்கும்போது தலையோ காலோ வெட்டுப்பட்டுப் போகிறது. குறுக்காக வைக்க வேண்டும். பச்சைப் பாயில் பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டால் கை எது பாய் எது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தேங்காய் லாரி, மயில், எல்லாம் அவள் குரலைவிடத் தெளிவாகப் பதிவாகியிருந்தன. அதற்காக அறந்தாங்கி போய்ச் சட்டையில் மாட்டிக்கொள்கிற சின்ன மைக் ஒன்று வாங்கிவந்தாள்.

வலது இடதுதான் பெரிய பாடாக இருந்தது. "வலது கையைத் தூக்குங்கள்" என்று சொல்லித் தன் வலது கையைத் தூக்கினால், எதிரே பார்க்கிறவர்கள் இடது கையைத் தூக்குகிறார்கள். அதனால் வாய் வலது என்று சொல்லும்போது அவள் இடது கையைத் தூக்கப் பழக வேண்டியிருந்தது. கொஞ்ச நாளைக்குச் சோறு போடும்போதுகூட அவளுக்குக் கை குழம்பியது.

அப்படி எடுத்த முதல் சில வீடியோக்களை யூடியூபில் ஏற்றி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் ரசியாவுக்கும் அனுப்பினாள். "சூப்பர் டீச்சர்" என்று பதில் வந்தது. கைகூப்புகிற பொம்மைகள் வந்தன. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தாள். பெரிய ஊர்களில் இருக்கிற டீச்சர்கள் அருவிக்கரையில் நின்றார்கள். பின்னால் புல்லாங்குழல் வாசித்தது. ஒருத்தி பாறை உச்சியில் தலைகீழாக நின்றாள். ரப்பரால் செய்த மாதிரி உடம்பு. இவளுக்கும் உடம்பு நன்றாகவே வளையும், வகுப்பில் அதைக் காட்ட வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவழகனின் சித்தப்பா தோப்புக்குப் போனார்கள். தென்னைகளுக்கு நடுவே இளவெயில் சாய்ந்து விழுகிற இடமாகப் பார்த்துப் பாயை விரித்தாள். வெள்ளைச் சுடிதார். மல்லாந்து படுத்து, காலைச் சேர்த்து மேலே தூக்கி, இடுப்பைக் கையால் தாங்கித் தோளில் நின்றாள். சர்வாங்காசனம். உடம்பு ஒரு தென்னங்கன்று மாதிரி நேராக நின்றது. பிறகு வீட்டில் உட்கார்ந்து, நீளமாக இருந்த பேச்சையெல்லாம் வெட்டி, இடையிடையே இனிமையான குரலில் ஒரு வரியும் பின்னால் இசையும் சேர்த்தாள்.

அந்த வீடியோ ஓடியது. அப்படியொரு ஓட்டத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஒவ்வொரு முறை போனைத் திறக்கும்போதும் கூடியிருந்தது. மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பூ மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் நிறுத்தி, "நீங்கதானே அந்தத் தோப்பு டீச்சர்?" என்று கேட்டாள். மண்டபக்காரர், "நம்ம மண்டபத்துலயும் ஒண்ணு எடுங்கம்மா, பேரு தெரியுற மாதிரி" என்றார். மோகனப்ரியாவுக்கு நடக்கும்போதே கால் கொஞ்சம் தரையை விட்டு எழும்பின மாதிரி இருந்தது.

ரசியா பேகத்தின் போன் அப்போதுதான் வந்தது.

நலம் விசாரித்தார். கடல்காற்றைப் பற்றிச் சொன்னார். பேச்சு சுற்றிச் சுற்றி வருவதிலிருந்தே ஏதோ இருக்கிறது என்று மோகனப்ரியாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னக்கா, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல டீச்சர். பக்கத்து வீட்டு மர்யமுக்கு நாந்தான் ஒங்க வீடியோவக் காட்டுனேன். அந்தத் தோப்புல எடுத்தது. அவ நேத்து செஞ்சு பாத்துருக்கா. கழுத்து பிடிச்சுக்கிருச்சு. திருப்ப முடியல. டாக்டருகிட்ட காட்டியாச்சு, பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. ஒங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு கேக்கல, அதான்."

மோகனப்ரியா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் அப்படியே அறந்தாங்கிக்கு பஸ் ஏறிவிட்டாள். நிலவழகன், "நானும் வாரேன்" என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். அறந்தாங்கியில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு வழியில் எதுவும் கண்ணில் படவில்லை. வகுப்பில் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு சுளுக்குகூட வந்ததில்லை என்பது அவளுடைய பெருமை. புதிதாக வருகிறவர்களிடம் முதலில் பிரஷர் இருக்கிறதா, ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பாயையே விரிக்கச் சொல்வாள். அந்தத் தோள் நிலையை வகுப்பில் ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரையும் செய்ய விட்டதேயில்லை. அதைத்தான் முகம் தெரியாத ஊர் முழுக்கவும் காட்டியிருக்கிறாள்.

கோட்டைப்பட்டினத்தில் ரசியாவின் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மர்யம் அங்கேயே வந்து காத்திருந்தாள். விசைப்படகு வைத்திருப்பவரின் மனைவி. நாற்பது வயது தாண்டியிருக்கும். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையைத் திருப்பாமல் உடம்பையே திருப்பிச் சிரித்தாள்.

"டீச்சரம்மா, இதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? இந்த ரசியா லாத்தாவுக்கு வாய் நிக்காது" என்று ரசியாவை ஒரு முறை முறைக்கப் பார்த்தாள். அதற்கும் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"நேத்துக்கு இன்னைக்குத் தேவலை. தைலம் தேச்சிருக்கேன்."

"எப்படி ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

மர்யம் கையால் பீரோவைக் காட்டினாள். "எங்க வீட்டுலயும் இந்த மாதிரி ஒரு பீரோ, அதுல போனைச் சாத்தி வச்சிருந்தேன். கீழ படுத்துக் காலத் தூக்கிட்டேன். நல்லாத்தான் தூக்குனேன் டீச்சரம்மா, நேரா நின்னுச்சு. அப்ப நீங்க, 'இப்போது என்னைப் பாருங்கள்'னீங்க. நான் திரும்பிப் பாத்தேன். அம்புட்டுத்தான்."

மோகனப்ரியா தன் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாள். புல்லாங்குழல் வாசித்தது. தென்னைகளுக்கு நடுவே வெள்ளைச் சுடிதாரில் அவள் தோளில் நின்றாள். உடம்பின் பாரமெல்லாம் கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கியிருக்கிற நேரம். அந்த இடத்தில்தான் அவள் குரல், தேன் தடவின மாதிரி, "இப்போது என்னைப் பாருங்கள்" என்றது. கழுத்தைத் திருப்பக் கூடாது என்று அவள் தோப்பில் சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நீளமாக இருக்கிறது என்று வெட்டியதில் அதுவும் போயிருந்தது.

"தப்பு உங்க பேர்ல இல்லைம்மா" என்றாள். "நான் பாக்கச் சொன்னேன், நீங்க பாத்தீங்க."

"அட, விடுங்க டீச்சரம்மா. நானும் வீட்டுல யாருகிட்டயும் சொல்லாம செஞ்சேன். எங்க வீட்டுக்காரரு, 'எதுக்கு ஒனக்குத் தலைகீழா நிக்கிற வேலை'ன்னு நேத்துலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்காரு."

ரசியா டீ கொண்டுவந்து வைத்தார். மோகனப்ரியா அதைக் குடித்துவிட்டு, "அக்கா, நீங்க தினமும் எப்படிச் செய்றீங்கன்னு ஒருதடவை எனக்குக் காட்டுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டுச் செய்ங்க" என்றாள்.

அறை சிறியது. ஒரு பக்கம் பிரிட்ஜ், ஒரு பக்கம் கட்டில். நடுவில் பாயை விரித்தால் கையை இரண்டு பக்கமும் நீட்ட முடியாது. ரசியா ஒரு சர்க்கரை டப்பாவில் போனைச் சாத்திவைத்து, முதல் முதலில் அனுப்பிய வீடியோ ஒன்றைப் போட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். முழங்காலை மடக்கி, நீட்டி, ஒவ்வொன்றாக நிதானமாகச் செய்தார். ஒருமுறைகூடப் போனைப் பார்க்கவில்லை. வீடியோவில் மோகனப்ரியா எழுந்து நின்ற பிறகும் ரசியா படுத்தபடி வேறு எதையோ செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, பாக்கலையா?"

"கண்ணாடியக் கழட்டிட்டா எனக்கு எல்லாம் பொகை மாதிரிதானே டீச்சர். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படுத்தா மூக்குல குத்துது. வகுப்புல நீங்க சொன்னத மனசுல வச்சுக்கிட்டுச் செய்றேன்."

"அப்புறம் எதுக்கு வீடியோவைப் போடுறீங்க?"

"ஒங்க கொரலு கேட்டுக்கிட்டு இருந்தா, நீங்க கூட நிக்கிற மாதிரி இருக்கும். அதுக்குத்தான்."

மோகனப்ரியா சர்க்கரை டப்பாவில் சாத்தியிருந்த போனைப் பார்த்தாள். வெளிச்சம், பாய், சுடிதார், தோப்பு என்று எவ்வளவோ யோசித்தாள். குனிந்துகொண்டும் மல்லாந்துகொண்டும் இருக்கிற ஒருவரால் படத்தைப் பார்க்க முடியாது என்பதை மட்டும் யோசிக்கவேயில்லை. படம் தேவைப்படுவது முதல் தடவை மட்டும்தான். அப்புறம் காதுதான் வழிகாட்ட வேண்டும். ஆனால் அவளுடைய வீடியோக்களில், கஷ்டமான இடம் வரும்போதெல்லாம் அவளும் ஆசனத்தில் இருந்ததால், பேச்சு நின்றுபோய்விட்டிருந்தது.

சட்டையில் மாட்டுகிற மைக் கைப்பையிலேயே கிடந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். போனில் குரலை மட்டும் பதிவு செய்கிற மாதிரி வைத்துவிட்டு ரசியாவின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"இப்ப நான் சொல்றேன். நீங்க செய்ங்க."

வகுப்பில் பேசுகிற அதே பேச்சு தானாக வந்தது. "வலது முட்டிய மடக்குங்க. அவசரமில்ல. பாதம் தரையில பதியட்டும். தாடை மேல தூக்குது பாருங்க, கொஞ்சம் இறக்குங்க. ம். மூச்ச விட்டுக்கிட்டே முட்டிய நெஞ்சுப் பக்கம். வரலைன்னா விட்டுருங்க, தொடைக்குப் பின்னால ஒரு துண்டப் போட்டு இழுங்க. அங்கேயே இருங்க. முகத்தைச் சுளிக்காதீங்க. ம்... அம்புட்டுத்தான்."

கழுத்துக்குத் துண்டு சுற்றிய மர்யம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவளும் உட்கார்ந்த இடத்திலேயே தோளை இறக்கி, கண்ணை மூடி, அதே கதியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார் ரசியா. இறால் வறுவலும் ரசமும். தாஜுதீன் வந்து வாசலிலிருந்தே, "டீச்சர், இவ முட்டிய நல்லாப் பண்ணிட்டீங்க, இப்ப என்னைத்தான் ஓட ஓட வேலை வாங்குறா" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பும்போது பஸ்ஸில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டாள். பின்னால் எங்கோ ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம் கேட்டது, ஒரு இடத்தில் ரசியா இருமினார். ஆனாலும் அது அவள்தான். போன் முன்னால் உட்கார்ந்தபோது வராத பேச்சு அது. ஆவுடையார்கோவில் தாண்டியதும் லேசாகத் தூறியது. ஜன்னலைச் சாத்தாமல் சாரலை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோப்பு வீடியோவை எடுத்துவிடப் போகிறேன் என்றாள்.

நிலவழகன் பதறிப்போனான். "ஏய், அதுதானே நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. கழுத்தத் திருப்பாதீங்கன்னு கீழ ஒரு வரி எழுதிப் போட்டுரு. அதுக்காக எடுப்பாங்களா?"

"படுத்துக் காலத் தூக்கி நிக்கிறவ எங்கிட்டுப் போய் அந்த வரியப் படிப்பா?"

"நல்லா வந்திருந்துச்சு" என்றான், வருத்தத்தோடு. "தென்னங்கன்னு மாதிரி நின்ன."

"ஒங்களுக்குப் பாக்கணும்னா சொல்லுங்க, வீட்டுலயே நின்னு காட்டுறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக, என்ன தவறு நடந்தது, ஏன் எடுத்தாள், தோளில் நிற்கிற ஆசனத்தை நேரில் ஒரு ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஏன் முயலக் கூடாது என்று மூன்று நிமிஷம் பேசி ஒரு வீடியோ போட்டாள். இந்த முறை 'அன்பார்ந்த நேயர்களே' என்று எதுவும் வாயில் வரவில்லை. மர்யமிடம் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள்.

புதிய முறை மெல்ல மெல்லப் பிடிபட்டது. முதலில் குரல். வகுப்பில் யாராவது ஒருவரை முன்னால் வைத்து, உண்மையாகவே சொல்லிக் கொடுத்துக்கொண்டே பதிவு செய்வாள். அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் இடைவெளி தானாகவே விழுந்துவிடும். அப்புறம் வீட்டில் அந்தக் குரலை ஓடவிட்டு, தன் பேச்சுக்குத் தானே கீழ்ப்படிந்து ஆசனத்தைச் செய்வாள். நிலவழகன் படம் பிடிப்பான். இரண்டையும் ஒட்டவைக்கிற வேலையைப் போனில் அவளே கற்றுக்கொண்டாள். தொடக்கத்தில் வாய் ஓர் ஆசனமும் கால் ஓர் ஆசனமும் செய்தது. போகப்போகச் சரியாக வந்தது. ஆரம்பத்திலேயே யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுவாள். ஒன்றை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டே செய்யலாம் என்றும் சொல்லிவிடுவாள். தலைப்பில் ஆசனத்தின் பெயரைவிட, யாருக்கானது என்பதைப் பெரிதாக எழுதினாள். பூப்பறித்துவிட்டு வந்தவர்களுக்கு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, கை நீட்ட இடமில்லாத அறைக்கு. டவர் கிடைக்காத இடங்களில் இருப்பவர்களுக்காகக் குரலை மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

பார்த்தவர்கள் எண்ணிக்கை தோப்பு வீடியோவின் கால்வாசிகூட வரவில்லை. "மியூசிக் எங்கே?" என்று மலேசியாக்காரர் கேட்டிருந்தார். ஆனால் பூப்பறிக்கிற பெண்கள் மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அந்தக் கட்டிடத்தின் நிழலிலேயே வரிசையாக நின்று, ஒருத்தி போனைச் சத்தமாக வைக்க, சுவரைப் பிடித்து முதுகை நிமிர்த்துகிறார்கள் என்று மண்டபக்காரர் வந்து சொன்னார். தானும் அவர்களோடு நின்று செய்து பார்த்ததாகவும், இடுப்பு லேசாக இருப்பதாகவும் கூச்சத்தோடு சொன்னார்.

மர்யமின் கழுத்து குணமாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற பாடத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். கூடவே தெருவில் இன்னும் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் வந்து உட்கார்ந்ததும் வீடியோவைப் போடுமுன், "யாரும் போனைத் திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தீங்க, நான் பட்ட பாடுதான்" என்று அவளே ஒரு முன்னுரை சொல்கிறாளாம். ரசியா போனில் அதை மர்யமின் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. நிதானமான ஆண் குரல்.

"வணக்கம் டீச்சர். எம்பேரு சூசைராஜ். குளத்தூர்ல இருக்கேன், பேங்க்ல வேலை. எனக்குப் பார்வை கெடையாது, பொறவியிலிருந்தே. யோகா கத்துக்கணும்னு ரொம்ப வீடியோ போட்டுக் கேட்டிருக்கேன். எல்லாரும் 'இப்படி வைங்க, இந்த மாதிரி செய்ங்க'ன்னுதான் சொல்வாங்க. எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒங்களோடது ஒண்ணுதான் முழுசா வாயால சொல்லுது. ஒரு மாசமா செய்றேன். நல்லாருக்கு. ஆனா ஒரு சந்தேகம் டீச்சர். கடைசில படுக்கச் சொல்றீங்கள்ல, அதுல உள்ளங்கை மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா? நீங்க சொல்லவே இல்ல. நான் ஒருநாள் மேலயும் ஒருநாள் கீழயுமா மாத்தி மாத்தி வச்சுக்கிட்டிருக்கேன்."

மோகனப்ரியா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு பட்டறையிலிருந்து வந்திருந்த நிலவழகனிடம் போட்டுக் காட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டுவிட்டு, "மேலயா, கீழயா?" என்றான்.

"மேல."

"சொல்லலையா நீ?"

"எல்லாரும் படத்துல பாத்துருவாங்கன்னு விட்டுட்டேன்போல."

சூசைராஜுக்கு உடனே பதில் பேசி அனுப்பினாள். மேலே பார்க்க வேண்டும், விரல்கள் தாமாக மடங்கியிருக்கட்டும், இதை விட்டதற்கு மன்னிக்க வேண்டும், இன்னும் எங்கெல்லாம் விட்டிருக்கிறேன் என்று தோன்றினால் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றாள். பேசி முடித்ததும் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. தான் எடுத்த பாடத்தைத் தானே ஒருநாளும் கண்ணை மூடிக் கேட்டுச் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததைத்தான் பார்த்திருக்கிறாள். தான் செய்தபோதெல்லாம் எதிரே போன் இருந்திருக்கிறது.

சாயங்கால வெயில் ஹாலுக்குள் நீளமாக விழுந்திருந்தது. பாயை விரித்தாள். கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொண்டு, பாடத்தை முதலிலிருந்து ஓடவிட்டாள். நிலவழகன் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அவளுடைய குரல், அவளுக்கே சொல்லிக் கொடுத்தது. முட்டிய மடக்குங்க, அவசரமில்ல. அவள் மடக்கினாள். ஓர் இடத்தில் எந்தக் கால் என்று சொல்லாமல் விட்டிருந்தது தெரிந்தது. இன்னோர் இடத்தில் இடைவெளி போதவில்லை. இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டாள். மற்றபடி அந்தக் குரல் நல்ல குரலாகத்தான் இருந்தது. நிதானமாக இருந்தது. முகத்தைச் சுளிக்காதீங்க என்று அது சொன்னபோது தான் சுளித்துக்கொண்டிருந்ததை உணர்ந்து அவளே வியந்துபோனாள். வருஷக்கணக்காக எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவளுக்கு, யாராவது சொல்ல, அதைக் கேட்டுச் செய்வது இவ்வளவு சுகம் என்பது மறந்தே போயிருந்தது.

கடைசியில் படுக்கச் சொன்னது. படுத்தாள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தாள். உடம்பு தளர, மூச்சு தானாகப் போய்வர, குரல் குறைந்துகொண்டே போய் நின்றது.

வெகுநேரம் அப்படியே கிடந்தாள். நிலவழகன் வந்து எட்டிப் பார்த்தான்.

"தூங்கிட்டியா?"

"இல்லைங்க. எந்திரிக்கச் சொல்லும்னு படுத்திருக்கேன். சொல்லவே மாட்டேங்குது."

"நீதான் அதையும் சொல்லாம விட்டுருப்ப."

கண்ணில் துணியோடு படுத்தபடியே அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து, அவன் குனிந்து, வகுப்பில் அவள் சொல்கிற மாதிரியே குரலை இழுத்து, "மெதுவா வலது பக்கம் ஒருக்களிச்சு, கையை ஊணி, எந்திரிச்சு வந்து சாம்பாருக்கு உப்புப் பாருங்க" என்றான்.

சொன்னபடியே அவள் வலது பக்கம் ஒருக்களித்து எழுந்தாள்.